மோசெல் மலைச்சரிவின் திராட்சைக் கமக்காரரும் இளம் மார்க்சும்: மானாவாரி வேளாண்மையின் அரசியற் பொருளாதாரம் பற்றிய ஒரு குறிப்பு

மார்க்சியத்தைப் பயில்வோர் நன்கறிந்த ஒரு செய்தியோடு இக்கட்டுரையைத் தொடங்கலாம். 1859 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது அரசியற் பொருளாதார விமர்சன நூலின் முன்னுரையில், தாம் முதன்முதலாகப் பொருளியல் நலன்கள் பற்றிக் கருத்துரைக்க நேர்ந்த சந்தர்ப்பத்தைக் கார்ல் மார்க்ஸ் நினைவுகூர்ந்துள்ளார். 1842-43 ஆம் ஆண்டுகளிற் பத்திரிகையாசிரியராக இருந்த காலத்தில் விறகுத் திருட்டு, நிலவுடைமை துண்டாடப்படுதல், மோசெல் பள்ளத்தாக்கு விவசாயிகளின் நிலைமை, காப்புவரி ஆகியன பற்றிய விவாதங்கள் தம்மைச் சங்கடத்துக்குள்ளாக்கின என்பது அவர் கூற்றின் சாரம். எங்கெல்சும் 1895 இல் எழுதிய கடிதமொன்றில், வெறும் அரசியலிலிருந்து பொருளாதார உறவுகளை நோக்கி மார்க்சைத் திருப்பியவை விறகுத் திருட்டுச் சட்டமும் மோசெல் விவசாயிகளின் நிலைமையுமே என்று மார்க்சின் வாய்மொழியாகவே தாம் கேட்டதைப் பதிவு செய்துள்ளார்.

எமது முற்போக்கு விமர்சகர்கள் இச்செய்தியைப் பல சந்தர்ப்பங்களில் எடுத்தாண்டுள்ளனர். ஆயின், மோசெல் விவசாயிகள் என்போர் யாவர், அவர்கள் எதனை எவ்வாறு பயிரிட்டனர், அவர்களது வறுமை எத்தகையது என்ற வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. 'விவசாயி' என்றதும் நெல்லோ கோதுமையோ விளைவிப்பவன் என்று நாமாகக் கருதிக்கொள்கிறோம். உண்மையில் அவர்கள் குளிர்ந்த தேசமொன்றின் செங்குத்தான மலைச்சரிவுகளில், நீர்ப்பாசனம் எதுவுமின்றி, மதுவுக்கான திராட்சையைப் பயிரிட்டவர்கள். உண்பதற்கன்றி விற்பதற்காகவே விளைவித்தவர்கள். இவ்விரு இயல்புகளையும், அதாவது வானத்தை நம்பிய பயிர்ச்செய்கையையும் சந்தையை நம்பிய வாழ்க்கையையும், சேர்த்து நோக்காதவிடத்து 1843 ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் மார்க்ஸ் எதனோடு மல்லாடினார் என்பது விளங்காது. மோசெல் மக்களின் துயருக்கு அன்றைய அதிகாரிகள் காட்டிய காரணம் இயற்கை. அக்காரணம் எவ்வாறு பொய்த்தது என்பதே எமது விசாரணை.

மோசெல் நதி பிரான்சிற் தோன்றி, ட்றியர் நகரைக் கடந்து, கோப்லென்ஸ் நகரில் றைன் நதியோடு கலக்கிறது. ட்றியருக்குக் கீழே அது பெரும் வளைவுகளாக வளைந்து செல்லுமிடங்களில் இருமருங்கும் மலைகள் நெருங்கி நிற்கின்றன. இப்பிரதேசம் ஏறத்தாழ வடஅகலக்கோடு 50 பாகையில் அமைந்துள்ளது. திறந்த வெளியிற் பயிரிடப்படும் திராட்சை நம்பிக்கையோடு பழுக்கக்கூடிய வட எல்லை நெடுங்காலமாக இதுவேயாக இருந்தது. எனவே இங்கு பயிரின் பிரதான பிரச்சினை நீரன்று, வெப்பமே. ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீற்றர். இது யாழ்ப்பாணத்திற் பெய்யும் மழையினும் குறைவு என்பதைக் கேட்கும் எமது வாசகர் வியப்படையலாம். ஆனால் யாழ்ப்பாணத்து மழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிற் கொட்டித் தீர்ந்துவிடுவது. மோசெல் மழையோ பன்னிரண்டு மாதங்களுக்கும் பரவிப் பெய்வது. குளிரினால் ஆவியாகி இழக்கப்படும் நீரும் குறைவு. கிணற்று நீர் பாயும் தரையிற் பந்தலிட்டு வளர்க்கும் எமது திராட்சைக்கும், நீர் பாய்ச்சாமலே கல்லிடுக்கில் வேரூன்றி நிற்கும் மோசெல் திராட்சைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கல்லிடுக்கு என நாம் கூறியது உருவகமன்று. மோசெல் சரிவுகள் பலகைக்கல் எனப்படும், தகடு தகடாகப் பிளவுறும் பாறையாலானவை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடலடியிற் படிந்த சேற்றிலிருந்து உருவானவை. மண் மிகச் சொற்பம். பெய்யும் மழை பாறைப் பிளவுகளினூடே இறங்க, வேர் அதனைத் தொடர்ந்து பல மீற்றர் ஆழத்துக்குச் செல்கிறது. மேற்பரப்பிற் சிதறிக் கிடக்கும் கற்தகடுகள் நிலத்தின் ஈரத்தை மூடிக் காப்பதோடு, பகலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் வெளிவிடவும் செய்கின்றன. தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவில் தாழ்ந்த சூரியனின் கதிர்கள் நேராக விழுகின்றன. குளிர்காற்று கீழே வழிந்து சென்றுவிடுகிறது. பிறெம் என்னும் ஊருக்கருகேயுள்ள கல்மொன்ற் சரிவு சில இடங்களில் 60 பாகையையும் தாண்டிய சாய்வுடையது; மனிதன் நிமிர்ந்து நிற்பதே சிரமமான இடம் அது.

வைன் வியாபாரிகளும் உல்லாசப் பிரயாணக் கைந்நூல்களும் இவற்றையெல்லாம் இயற்கையின் கொடை என வருணிப்பது வழக்கம். அவ்வருணனையில் மறைக்கப்படுவது உழைப்பு. சரிவிலே மழை பெய்தால் மண்ணும் கல்லும் அடிவாரத்துக்கு இறங்கிவிடும். அவற்றை முதுகுக் கூடையிற் சுமந்து மீண்டும் உச்சிக்கு ஏற்றுதல் வேண்டும். எருவையும் அவ்வாறே ஏற்றுதல் வேண்டும். பழைய கற்தகடு சிதைந்து மண்ணானால் புதியதை உடைத்துப் பரப்புதல் வேண்டும். சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள் சரிவைத் தாங்குகின்றன. அவை ஆண்டுதோறும் எங்கேனும் சரியும். கலப்பையும் மாடும் ஏறமுடியாத நிலமாதலின் கொத்துதலும் கைவேலையே. ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனி மரக்கம்பம் நாட்டி, மாரியிற் கொடியைக் கத்தரித்து, இலைதுளிர் காலத்துக்கு முன் எஞ்சிய தண்டை இதய வடிவில் வளைத்துக் கட்டுவர். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ அறுவடை. இவ்வேலைகளிற் பெரும்பங்கு பெண்களுடையது. எமது வரண்ட பிரதேசங்களில் தலைமுறைகளின் உழைப்பு நீரைத் தேக்குவதிற் செலவாயிற்று. மோசெலில் அதே அளவு உழைப்பு வெய்யிலைத் தேக்குவதிற் செலவாயிற்று. குளம் மனிதனாற் கட்டப்பட்டது என்பதை யாவரும் ஏற்பர். சரிவும் மனிதனாற் கட்டப்பட்டதே என்பது மட்டும் ஏனோ புலப்படுவதில்லை.

இப்பார்வைக் குறைபாடு பழமையானது. கி.பி. நான்காம் நூற்றாண்டில், ட்றியர் றோமப் பேரரசின் தலைநகரங்களுள் ஒன்றாக விளங்கியபோது, அரசவைப் புலவராகிய ஔசோனியஸ் இந்நதியைப் பாடி நீண்ட இலத்தீன் செய்யுளொன்றை இயற்றினார். கொடிகள் மூடிய மலைகள் அதில் இயற்கையான நாடக அரங்காகக் காட்சியளிக்கின்றன, உழைப்போர் ஆரவாரிக்கின்றனர், வழிப்போக்கரும் படகோட்டிகளும் அவர்களைக் கேலி செய்து செல்கின்றனர். கவித்துவம் நிறைந்த பகுதிதான். எனினும் புலவர் படகிலிருந்து பார்க்கிறார் என்பதை மறத்தலாகாது. பீஸ்போர்ட் என்னுமிடத்தில் 1985 ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பாரிய திராட்சை பிழியும் கட்டிடம் அதே நூற்றாண்டைச் சேர்ந்தது. நாடக அரங்கின் பின்புறம் எத்தகைய தொழில் நடந்தது என்பதை அதுவே கூறுகிறது.

மத்திய காலத்தில் நிலம் பெரும்பாலும் மடாலயங்களுக்கும் ட்றியர்ப் பேராயருக்கும் உரியதாயிருந்தது. கமக்காரன் விளைச்சலிற் பங்கு செலுத்தினான். பங்கு அளவினாற் கணிக்கப்பட்டபடியால், தரத்தினும் அளவு பெரிதாயிற்று. நிறைய விளையும் எல்ப்ளிங் வகை பரவலாகப் பயிரிடப்பட்டது. தாமதமாகப் பழுப்பதும், குளிரைத் தாங்குவதும், நல்ல இடத்திற் சிறந்த மது தருவதுமான றீஸ்லிங் வகை ட்றியர் வைத்தியசாலையொன்றின் 1464 ஆம் ஆண்டுக் கணக்கேட்டிலேயே குறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அது மலைகளைக் கைப்பற்றுவதற்குக் காலம் சென்றது. 1787 இல், பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லௌஸ், தரங்குறைந்த கொடிகளை அகற்றி நல்ல வகைகளை நடுமாறு கட்டளை பிறப்பித்தார். பழுக்காத ஆண்டுகளின் இழப்பைத் தாங்கவேண்டியவன் கமக்காரன். கட்டளையிட்டவர் அரண்மனையில் இருந்தார். இன்று றீஸ்லிங்கின் பிறந்தகம் எனக் கொண்டாடப்படும் மோசெலின் புகழ் இவ்வாறே தொடங்கிற்று.

பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் 1794 இல் ட்றியருள் புகுந்தன. நிலப்பிரபுத்துவக் கடமைகள் ஒழிந்தன. மடாலயங்களின் திராட்சைத் தோட்டங்கள் பறிமுதலாகி ஏலத்தில் விற்கப்பட்டன. சிறந்த சரிவுகளைப் பணம் படைத்த நகரத்தார் வாங்கினர் என்பது உண்மை; அதேவேளை சிறு கமக்காரனும் தன் துண்டு நிலத்துக்கு உரிமையாளனானான். நெப்போலியனின் சட்டக்கோவை பிள்ளைகள் யாவருக்கும் சமபங்கு வழங்கிற்று. 1815 இல் இப்பிரதேசம் பிரசியாவுக்குக் கைமாறிய பின்னரும் அச்சட்டம் நிலைத்தது. இதன் விளைவு இருமுகமானது. சட்டத்தின் முன் எவரும் தாழ்ந்தவரல்லர் என்ற உணர்வு மோசெல் கிராமத்தில் வேரூன்றியது. நிலமோ தலைமுறைக்குத் தலைமுறை துண்டாடப்பட்டது. ஒரே குடும்பத்தின் கொடிகள் பல சரிவுகளிற் சிறு சிறு துண்டுகளாகக் கிடந்தன.

இந்நிலையிலேதான் அரசு சந்தையின் வடிவில் வந்தது. 1818 ஆம் ஆண்டுப் பிரசியச் சுங்கச் சட்டம் பிற ஜேர்மன் இராச்சியங்களின் வைனுக்கும் வரி விதித்தது. றைன்லாந்தினதும் மோசெலினதும் வைனுக்குப் பிரசியாவின் சந்தை முழுவதும் திறந்தது. விலை ஏறிற்று. ஆசையும் ஏறிற்று. கடன்பட்டு நிலம் வாங்கினர். ஒருபோதும் திராட்சை நடப்படாத இடங்களிலும் நட்டனர். 1819 இல் திராட்சைச் சாற்றின் மீது வரி விதிக்கப்பட்டது, நிலவரி வேறு. பின்னர் பிரசியா 1828 இல் ஹெஸ்ஸேயுடனும், 1829 இல் பவேரியா, வூர்ட்டெம்பேர்க் ஆகியவற்றுடனும் வர்த்தக உடன்படிக்கைகள் செய்தது. 1834 ஜனவரி 1 ஆம் திகதி ஜேர்மன் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. வெப்பம் மிகுந்த தெற்கில் மலிவாக விளைந்த வைன் தடையின்றி வடக்கே பாய்ந்தது. வளர்ந்துவந்த ஜேர்மன் தொழிற்றுறைப் பூர்ஷ்வாக்களுக்கு இச்சுங்க ஒன்றியம் தேவைப்பட்டது. மோசெல் கமக்காரன் அதற்கு விலை கொடுத்தான்.

திராட்சைக்கொடி நெல்லன்று என்பதை இவ்விடத்தில் மனங்கொள்ளுதல் வேண்டும். விலை வீழ்ந்தால் அடுத்த போகத்தில் வேறு பயிர் விதைக்கலாம் என்பதற்கு இடமில்லை. நட்ட கொடி முதல் விளைவைத் தரச் சில ஆண்டுகள் செல்லும். தந்த பின் பல பத்தாண்டுகள் நிற்கும். கற்சரிவில் வேறெதுவும் விளையாது. கடனோ ஆண்டுதோறும் வட்டியோடு வளரும். எனவே பருவம் பொய்த்தால் விளைச்சலில்லை. பருவம் வாய்த்தால் எல்லோரிடமும் வைன் நிறைந்து விலையில்லை. 1830களிற் பல குடும்பங்கள் நிலத்தையிழந்தன. 

அதிகாரிகள் இதனை எவ்வாறு விளக்கினர்? ட்றியரில் இயங்கிய திராட்சைச் செய்கை அபிவிருத்திச் சங்கம் 1839 இல் நிதியமைச்சுக்கு விண்ணப்பமொன்றை அனுப்பி, கமக்காரர்களுக்கு வருமானமே எஞ்சுவதில்லை எனக் கணக்குக் காட்டியது. அமைச்சு அதனை நில அளவைப் பதிவேட்டு அதிகாரி ஒருவரின் அபிப்பிராயத்துக்கு விட்டது. அவர் அரசாங்கப் பதிவேட்டின் புள்ளிகளைக் கொண்டு சங்கத்தின் கணக்கை மறுத்தார். எந்தப் பதிவேட்டின்படி வரி விதிக்கப்பட்டதோ, அப்பதிவேடே வரி நியாயமானது என்பதற்குச் சாட்சியுமாயிற்று! கெட்ட பருவங்கள், நல்ல காலத்திற் பழகிய ஊதாரித்தனம், அளவுமீறிய நடுகை, நிலத்தைத் துண்டாடல் ஆகியனவே காரணங்கள் என உத்தியோக வட்டாரங்கள் முடிவு கட்டின. நிலம் துண்டாடப்படுவதைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தலாம் என்ற யோசனையும் எழுந்தது.

1842 டிசம்பரில், கொலோன் நகரிலிருந்து வெளிவந்த 'றைனிஷ சைற்றுங்' பத்திரிகையில் மோசெல் நிருபர் ஒருவரின் இரு கட்டுரைகள் பெயரின்றி வெளியாயின. கமக்காரர்களின் அபயக்குரல் நெடுங்காலம் அலட்சியம் செய்யப்பட்டது என்பது அவற்றின் தொனி. மாகாணத் தலைவராகிய வொன் ஷாப்பர் சான்றுகளைக் கோரி மறுப்புகளை அனுப்பினார். நிருபரால் அவற்றைத் திரட்டித் தர இயலாத நிலையில், 24 வயதான ஆசிரியர் மார்க்ஸ் தாமே அப்பணியை ஏற்றார். 1843 ஜனவரி 15 தொடக்கம் 20 வரை 'மோசெல் நிருபருக்கு நியாயம்' கூறும் அவரது தொடர் வெளிவந்தது.

அத்தொடரை இன்று வாசிப்போர் சிலர் ஏமாற்றமடையலாம். வர்க்கம் பற்றியோ, உபரி உழைப்பு பற்றியோ, மூலதனம் பற்றியோ அதில் யாதுமில்லை. அதனைப் பொருளாதாரக் கட்டுரையாக மேற்கோள் காட்டுவோர் அதனை வாசித்திருப்பார்களோ என்பது எமக்கு ஐயமே. அது முதன்மையாகப் பத்திரிகைச் சுதந்திரம் பற்றியும் உத்தியோக ஆட்சி பற்றியும் பேசும் எழுத்து. அதன் முக்கியத்துவம் வேறோரிடத்தில் உள்ளது. நிர்வாகம் தன் எல்லைக்குள்ளே துயரத்தின் காரணத்தைக் காணமாட்டாது; ஆகவே அதனை இயற்கையிலோ, குடிகளின் தனிப்பட்ட வாழ்விலோ, தற்செயலிலோ தேடும் என்று மார்க்ஸ் வாதிடுகிறார். வறிய கமக்காரனின் அழிவை, முன்கூட்டியே மனிதன் பணிந்து ஏற்கவேண்டிய இயற்கை நிகழ்ச்சியாக உத்தியோக மனம் கருதுகிறது என்பதை அதன் ஆவணங்களைக் கொண்டே காட்டுகிறார். இதற்குத் தனியொரு அதிகாரியின் கெட்ட எண்ணம் காரணமன்று. தனிமனிதரின் விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டு, மூச்சைப் போலத் தன்பாட்டில் இயங்கும் புறநிலை உறவுகள் உள்ளன. எந்தப் புறச் சூழ்நிலையில் எப்பொருள்கள் சேரும் என இரசாயனவியலாளன் துணிவது போல இவற்றையும் துணியலாம் என்பது அவர் முடிவு.

ஹெகலின் மொழியில் எழுதப்பட்ட இவ்வாதத்தில் 'உறவுகள்' என்ற சொல் வந்தமர்ந்த இடத்தை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 'உற்பத்தி உறவுகள்' என்று அது விரிவடைய இன்னும் சில ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. ஆனால் வானத்தையும் குடியானவனின் குணத்தையும் காரணமாக ஏற்க மறுத்த அக்கணத்தில் திசை மாறிவிட்டது. நிலத்தைப் பங்கிடும் உரிமையைக் கட்டுப்படுத்தும் யோசனை பற்றி மார்க்ஸ் கூறுவதும் கவனத்துக்குரியது. கமக்காரன் பொருளில் வறியவன். சட்டத்தில் சமமானவன் என்ற ஒன்றே அவனிடம் எஞ்சியுள்ளது. அதனையும் பறித்தால் பொருள் வறுமையின் மேல் உரிமை வறுமையும் சேரும் என அவன் அஞ்சுகிறான். துண்டு நிலத்தின் பொருளாதாரப் பலவீனத்தை மார்க்ஸ் பிற்காலத்தில் ஈவிரக்கமின்றி ஆராய்ந்தார். இங்கு அவர் அதனைப் பற்றி நிற்பவனின் நியாயத்தை முதலிற் செவிமடுக்கிறார். எம்மிற் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றோம்.

இன்னொன்றையும் குறிப்பிடுதல் தகும். ட்றியரிற் பிறந்த மார்க்சுக்கு இது தூரத்துச் செய்தியன்று. சட்டத்தரணியான அவரது தந்தை ஹைன்றிச் மார்க்ஸ், மோசெலின் கிளைநதியாகிய றூவர்ப் பள்ளத்தாக்கில், மேர்ட்டெஸ்டோர்ஃப் என்னும் ஊரிலே திராட்சைத் தோட்டப் பங்குகளை வைத்திருந்தார். நகர நடுத்தர வர்க்கத்தினர் வைனில் முதலிடுவது அங்கு வழமை. எனவே மார்க்ஸ் கமக்காரரின் மகனல்லர். கமக்காரர் அல்லாத ஒரு தோட்டவுடைமையாளரின் மகன். கட்டுரையில் இதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை.

விறகுப் பிரச்சினையும் திராட்சைப் பிரச்சினையும் இரு வேறு பிரச்சினைகளாகவே பொதுவாக எழுதப்படுகின்றன. மோசெல் தொடரின் முதற்பகுதியே கிராமமொன்றில் விறகு பங்கிடப்பட்ட முறை பற்றியது. ஒரு ஹெக்டயரிற் பல்லாயிரம் கொடிகள், கொடிக்கொரு கம்பம், கம்பங்கள் உக்க உக்க மாற்றவேண்டும். குளிர்காலத்து அடுப்புக்கும், கொடிக்கம்பத்துக்கும், பீப்பாவுக்கும் காடு வேண்டும். காட்டைத் தனியுடைமையும் அரசுடைமையும் வளைத்துக்கொண்டபோது சரிவின் பொருளாதாரமும் நெருக்குண்டிருக்கும் என்பது எமது ஊகம். மார்க்ஸ் இத்தொடர்பை வெளிப்படையாக விரிக்கவில்லை.

நீர்ப்பாசனம் இன்மை பற்றி எமது சூழலில் தனியாகப் பேசவேண்டியுள்ளது. 1853 இல் இந்தியா பற்றி எழுதுகையில், கீழைத்தேய வேளாண்மைக்குச் செயற்கைப் பாசனம் அடிப்படையாதலின் மத்திய அரசின் தலையீடு அங்கு இன்றியமையாததாயிற்று என மார்க்ஸ் கருத்துரைத்தார். விற்ஃபோகல் 1957 இல் இதனை ஊதிப் பெருப்பித்து, நீரை ஆண்ட அரசே கொடுங்கோன்மையின் ஊற்று என்ற கோட்பாட்டை நிறுவ முயன்றார். இலங்கைச் சான்றுகளைக் கொண்டு 1959 இல் லீச்சும், 1971 இல் ஆர்.ஏ.எல்.எச். குணவர்த்தனவும் அதன் பலவீனங்களைக் காட்டியமை எமது வாசகர் அறிந்ததே. மோசெல் அதே விவாதத்துக்கு மறுகரையிலிருந்து ஒரு சான்று. இங்கு குளமில்லை, வாய்க்காலில்லை, நீரைப் பங்கிடும் அதிகாரியுமில்லை. மழையை எவரும் ஆளவில்லை. அதனால் கமக்காரன் அரசிலிருந்து விடுபட்டிருந்தானா? பதிவேட்டினூடாகவும், சாற்று வரியினூடாகவும், சுங்க உடன்படிக்கையினூடாகவும் அரசு ஒவ்வொரு பீப்பாவுக்குள்ளும் இருந்தது. அரசின் கொடுமையை நீரின் தன்மையிலிருந்து வருவிக்க முனைவோர் இதனைச் சிந்தித்தல் நன்று. அதேவேளை, குளத்தைக் கூடிக் காத்தவரிடையே இருந்த கூட்டுப் பொறுப்பு போன்ற ஒன்று, சரிவில் தனித்தனித் துண்டுகளில் நின்றவரிடையே எளிதில் உருவாகவில்லை. வானம் எல்லோருக்கும் பொதுவாயினும், அது பொய்க்கும்போது ஒவ்வொருவனும் தனியாகவே கடனாளியிடம் அல்ல, கடன் கொடுத்தவனிடம் சென்றான்.

பிற்காலத்தைச் சுருக்கமாகவே கூறுவோம். ட்றியரில் வாழ்ந்த லூட்விக் கால் ஜேர்மனியின் ஆதிச் சோசலிசவாதிகளுள் ஒருவராகக் கணிக்கப்படுபவர். 1850களில், பழுக்காத புளித்த சாற்றில் சர்க்கரை நீர் சேர்த்து நல்ல மதுவாக்கும் முறையை அவர் பிரசாரம் செய்தார். வெப்பம் தராததைச் சர்க்கரை தந்தது. நல்ல சரிவு வாய்க்காத ஏழைக்கு அது உயிர்ப்பிச்சை. பெருந்தோட்ட உரிமையாளர்களோ சர்க்கரை கலவாத 'இயற்கை வைன்' என்ற கொடியை உயர்த்தி, 1910 இல் தேசிய அளவிற் சங்கமும் அமைத்தனர். இயற்கை என்ற சொல்லின் வர்க்கச் சார்பை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. அயலிலுள்ள ஆர்ப் பள்ளத்தாக்கின் மைஷொஸ் கிராமத்தில் 1868 இல் கமக்காரர் கூட்டுறவு அமைந்தது. அதே ஆண்டில் குளொற்றன் என்பவர் ட்றியர் மாவட்டத் தோட்டங்களின் வரைபடத்தை வெளியிட்டார். நிலவரி மதிப்பீட்டின்படி சரிவுகள் அதில் வெவ்வேறு நிறச் செறிவில் தீட்டப்பட்டன. வரி அதிகாரியின் கணிப்பு வைன் இரசிகனின் தரவரிசையாயிற்று; அவ்வரைபடம் இன்றும் புகழோடு எடுத்துக்காட்டப்படுகிறது.

1926 பெப்ரவரி 25 ஆம் திகதி, வைன் வரியாலும் மலிவான ஸ்பானிய வைன் இறக்குமதியாலும் நொந்த கமக்காரர்கள் பேர்ன்காஸ்ரல் நகரில் வரி அலுவலகத்துள் புகுந்து பத்திரங்களை எரித்தனர். வைன் வரி அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. மார்க்ஸ் 1843 இல் ஆராய்ந்த பதிவேட்டின் வாரிசுகளே தீயிலிட்டவை எனக் கூறினால் மிகையாகாது. எங்கள் காலத்தில், ஏறத்தாழ 1990 இல் 12,000 ஹெக்டயரைத் தாண்டியிருந்த மோசெல் திராட்சைப் பரப்பு 9,000 ஹெக்டயருக்குக் கீழே சுருங்கியுள்ளது. முதலிற் கைவிடப்படுபவை செங்குத்தான சரிவுகளே. அறுவடைக்குப் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். வெப்பம் போதாதென்று ஆயிரமாண்டு ஏங்கிய நிலத்தில், 2018, 2022 ஆம் ஆண்டுகளின் வரட்சியில் இளங்கொடிகள் வாடின. பாசனம் அறியாத சரிவுக்கு நீரை ஏற்றும் செலவை யார் தாங்குவது என்ற வினா அங்கு எழுந்துள்ளது.

மீண்டும் 1843 க்கு வருவோம். மார்க்சின் திட்டத்தில் ஐந்து பகுதிகள் இருந்தன. விறகு பற்றியதும் பத்திரிகை பற்றியதுமான முதலிரண்டே அச்சேறின. மூன்றாம் பகுதி மோசெலின் புற்றுநோய்கள் பற்றியது. தணிக்கையாளர் அதனைத் தடுத்தார். ஜனவரி முடிவதற்குள் பத்திரிகையையே மூடும் ஆணை பிறந்தது. தடையை நீக்கக் கோரிய மனுக்களில் மோசெல் பகுதியிலிருந்து சென்றதும் ஒன்று. மார்ச் 17 ஆம் திகதி மார்க்ஸ் ஆசிரியப் பதவியிலிருந்து விலகினார். மார்ச் 31 உடன் பத்திரிகை நின்றது. பரிகாரங்கள் பற்றிய ஐந்தாம் பகுதியும் வெளிவரவில்லை. நான்காம் பகுதிக்கு அவர் அறிவித்திருந்த தலைப்பு, மோசெலின் இரத்தக் காட்டேரிகள் என்பது. வட்டிக்காரரையோ வியாபாரியையோ அதிகாரியையோ, யாரை அவர் எண்ணினார் என்பதை அத்தலைப்பிலிருந்து துணிதல் இயலாது. தனிமனிதரைக் குற்றஞ்சாட்டாமல் உறவுகளை ஆராய வேண்டும் என முந்திய பகுதியிற் கூறியவர், இத்தலைப்பின் கீழ் எவ்வாறு எழுதியிருப்பார் என்பது இலக்கிய மாணவராகிய எமக்கு ஓயாத வினா. அவ்வுருவகம் அவரை விட்டு நீங்கவில்லை. 1867 இல், வேலைநாளைப் பற்றிய 'மூலதன'த்தின் அத்தியாயத்தில் அது மீண்டும் வருகிறது. அங்கே காட்டேரிக்கு முகமில்லை; உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இறந்த உழைப்பே அது.